மூன்று புகாரும் பத்துக் கருவியும்: பாலர் பள்ளியில் எதை வைத்து அளப்பது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில், கோயில் மண்டபத்தை ஒட்டி நடக்கும் ஒரு பாலர் பள்ளியின் நிர்வாகக் குழுவில் நான் இருக்கிறேன். மூன்று, நான்கு வயதில் 28 பிள்ளைகள். போன வருடக் கடைசிக் கூட்டத்தில் மூன்று புகார்கள் வந்தன. முற்றத்தில் பாதியைக் கார் நிறுத்த எடுத்துக்கொண்ட பிறகு பிள்ளைகள் ஓடுவதே இல்லை என்றார் ஒரு அம்மா. மழை நாளுக்கென்று வாங்கிய டிவி வெயில் நாளிலும் ஓடுகிறது, பிள்ளைகள் உட்கார்ந்தே கிடக்கிறார்கள் என்றார் இன்னொருவர். மூன்றாவது புகார் ஓர் ஆயாவுடையது. எங்கள் ஊரில் ஆயா என்றால் பாட்டி. "மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்க வைச்சு அனுப்புறீங்க, ராத்திரி பதினொரு மணிக்கும் பேரன் கண்ணை மூட மாட்டேங்கிறான்" என்றார்.

ஆசிரியைகள் மூன்றையும் மறுத்தார்கள். குரல்கள் ஏறின. "அளந்து பார்த்திடலாமே, அக்கா இருக்காங்களே" என்று யாரோ சொல்ல, எண்களோடு புழங்கிப் பிழைக்கிறவள் என்ற ஒரே காரணத்துக்காக வேலை என் தலையில் விழுந்தது. ஒரு பல்கலைக்கழகத் துறை பத்து அசைவுக் கருவிகளை இரவல் தரச் சம்மதித்தது. ஆனால் எந்தக் கருவியை, உடம்பில் எங்கே கட்டுவது, கருவி தேவைதானா என்பதை நாங்கள்தான் சொல்ல வேண்டும். அதற்காக நான் பார்த்ததும் எடைபோட்டதும்தான் இந்தக் கட்டுரை. இதே தீர்மானத்தை எடுக்க வேண்டிய பள்ளியோ பெற்றோரோ வேறு ஊரிலும் இருப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அளவுகோல். ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் எவ்வளவு அசைய வேண்டும், உட்காரலாம், தூங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. தென்னாப்பிரிக்கா அதற்கு முன்பே, 2018ல், பிறப்பு முதல் ஐந்து வயது வரைக்குமான தன் 24 மணி நேர வழிகாட்டியைக் கொண்டுவந்துவிட்டது. மூன்று, நான்கு வயதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது இது: நாளுக்கு 180 நிமிடமாவது உடலசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற மாதிரி ஓடியாட வேண்டும். திரை 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும். இதில் நான் முதலில் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. உட்காருவதற்கு மொத்தம் இத்தனை நிமிடம் என்ற வரம்பே அதில் இல்லை. தள்ளுவண்டியிலோ உயர நாற்காலியிலோ ஒரே மூச்சில் 1 மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போடாதே, நெடுநேரம் உட்கார வைக்காதே, திரையைக் குறை. அவ்வளவுதான். பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து கதை கேட்பதையும் புத்தகம் பார்ப்பதையும் அது ஊக்குவிக்கவே செய்கிறது. ஆக, உட்கார்ந்த நிமிடங்களை எண்ணினால் போதாது. உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். இது பின்னால் பெரிய விஷயமாக வந்து நிற்கும்.

சரி, வழிகளைப் பார்ப்போம்.

மிகவும் மலிவானது கேள்வித்தாள். பெற்றோரிடம் கொடுத்தால் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடும். பிள்ளை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடியாடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். "ஓடிக்கிட்டேதான் இருக்கான்" என்று பாதிப் பேரும், "எங்கே ஓடுறான்" என்று மீதிப் பேரும் எழுதுவார்கள். குறை அவர்களுடையதல்ல. காலை ஏழரைக்கு விட்டுவிட்டு மாலை நான்கரைக்கு வந்து கூட்டிப்போகிறவர் நடுவில் நடந்ததை எப்படி அறிவார்? பக்கத்திலேயே இருந்தாலும் நினைவில் நிறுத்த முடியாது. பிள்ளைகளின் ஓட்டம் பெரியவர்கள் ஜாகிங் போவது மாதிரி அரைமணி நேரம் தொடர்ந்து நடப்பதில்லை. 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளை நொடிக்கணக்கில் பார்த்துக் குறித்த ஓர் ஆய்வு 1995ல் வந்தது. தீவிரமான ஓட்டம் பெரும்பாலும் 3 நொடிதான் நீடித்தது, அந்த ஓட்டங்களில் 95 சதவீதம் 15 நொடிக்குள் முடிந்துவிட்டன. நான்கு வயதுப் பிள்ளை இதைவிட நிதானம் என்று வீட்டில் ஒன்றை வைத்திருக்கும் யாரும் சொல்ல மாட்டார்கள். இப்படித் துண்டு துண்டாக நடப்பதை மனக்கணக்கில் கூட்டி நிமிடமாக எழுதச் சொல்வது நியாயமில்லை.

ஆனால் கேள்வித்தாளைத் தூக்கி எறியவும் முடியாது. வீட்டில் டிவி எத்தனை மணி நேரம், கைப்பேசி யார் கொடுக்கிறார்கள், எத்தனை மணிக்குப் படுக்கைக்குப் போகிறான், யாரோடு படுக்கிறான் போன்றவற்றை எந்தக் கருவியும் சொல்லாது. தூக்கத்துக்கென்றே சோதித்துப் பார்த்த கேள்வித்தாள்களும் உண்டு. கைக்குழந்தைகளுக்கும் தளிர்நடைப் பிள்ளைகளுக்கும் அவி சாடே 2004ல் வெளியிட்டதும், அதைவிடப் பெரிய பிள்ளைகளுக்கு ஜூடித் ஓவன்ஸ் குழு 2000த்தில் வெளியிட்டதும் பரவலாகப் புழங்குகின்றன. நாமே இரவோடு இரவாகக் கேள்வி எழுதுவதைவிட அப்படி ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது நாட்குறிப்பு. நினைவிலிருந்து எழுதாமல் அன்றன்று குறிப்பது. தூக்கத்துக்கு இது மிகவும் உதவும். ஆனாலும் பெற்றோர் எழுதும் தூக்கம் பெரும்பாலும் படுக்கையில் இருந்த நேரம்தான். நடு இரவில் பிள்ளை விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது பக்கத்து அறையில் தூங்கியவருக்குத் தெரியாது. அதனால் மொத்தம் கொஞ்சம் கூடுதலாகவே வரும். இன்னொன்று, இந்த ஊரில் பல வீடுகளில் மாலையில் பிள்ளை இருப்பது வேலைக்கு வரும் பெண்மணியிடமோ ஆயாவிடமோதான். நாட்குறிப்பை ஆங்கிலத்தில் மட்டும் அச்சடித்தால் உண்மையில் எழுத வேண்டியவர் கையில் அது போகாது. இங்கே பலர் பேசும் ஜூலு மொழியில் ஒரு பக்கம் வேண்டும், எழுத்தே வேண்டாம் என்பவருக்குச் சூரியன், நிலா, தட்டு, தொட்டி என்று படம் போட்ட ஒரு பக்கம் வேண்டும்.

மூன்றாவது, நேரில் பார்த்துக் குறிப்பது. எனக்கு இதில் ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை. பாலர் பள்ளிக்கென்றே அமெரிக்காவில் 2006ல் ஒரு முறை வகுத்தார்கள். பார்ப்பவர் ஒரு பிள்ளையை 5 நொடி கவனிப்பார், அடுத்த 25 நொடியில் குறித்துக்கொள்வார், மறுபடி 5 நொடி பார்ப்பார். எவ்வளவு வேகமாக அசைந்தது என்பதோடு, உள்ளேயா வெளியேயா, தனியாகவா கூட்டமாகவா, ஆட்டத்தைத் தொடங்கியது பிள்ளையா ஆசிரியையா என்பதும் குறிக்கப்படும். இந்த வகையில் 24 பாலர் பள்ளிகளில் சுமார் 490 பிள்ளைகளைப் பார்த்த ஓர் ஆய்வு 2008ல் வந்தது. குறித்த இடைவெளிகளில் 80 சதவீதத்துக்கும் மேல் பிள்ளைகள் அசையாமல் இருந்தார்கள், நன்றாக ஓடியாடியது 3 சதவீதத்துக்கும் குறைவு. "துறுதுறு" என்று நாம் சொல்லும் வயதுதான் அது.

கார் நிறுத்துமிடம் பற்றிய புகாருக்கு நேராகப் பதில் சொல்லக்கூடியது இந்த முறை ஒன்றே. ஓட்டம் குறைந்தது என்று மட்டும் கருவி சொல்லும். குறைந்தது இடம் போதாமல் பிள்ளைகள் சறுக்குமரத்துக்கு வரிசையில் நின்றதாலா, இருந்த ஒரே பந்தைப் பெரியவன் பிடித்து வைத்துக்கொண்டதாலா என்பதை நின்று பார்த்தவர்தான் சொல்ல முடியும். இதன் கஷ்டம் ஆள். ஒருவருக்கு ஓட்டமாகத் தெரிவது இன்னொருவருக்கு வேகநடையாகத் தெரியும். இரண்டு பேர் ஒரே பிள்ளையை ஒரே நேரத்தில் தனித்தனியாகக் குறித்து, இரண்டு தாளும் பெரும்பாலும் ஒத்துப்போகும் வரை பழக வேண்டும். வீட்டுக்குள்ளும் இரவிலும் இது செல்லாது. யாரும் தாளும் பேனாவுமாக நம் படுக்கையறைக்கு வர நாம் விடமாட்டோம்.

இனி கருவி. ஆக்சிலரோமீட்டர் என்பார்கள். மூன்று திசையிலும் அசைவின் மாற்றத்தை நொடிக்குப் பல முறை பதிந்து வைத்துக்கொள்ளும் சிறு பெட்டி, அவ்வளவே. எங்களுக்குக் காட்டிய ஒரு வகை ஆக்ஸிவிட்டி. எடை 11 கிராம், ஐந்து ராண்ட் நாணயத்தைவிடச் சற்றே கனம். பிரிட்டனில் ஒரு லட்சம் பெரியவர்களுக்கு ஒரு வாரம் மணிக்கட்டில் கட்டி அளந்தது இந்த வகையில்தான். இன்னொரு வகை ஆக்டிகிராஃப். பிள்ளைகள் பற்றிய ஆய்வுகளில் அதிகம் புழங்குவது அது. எங்களுக்குக் காட்டிய இரண்டிலும் திரை கிடையாது, இடம் காட்டும் ஜிபிஎஸ் கிடையாது, குரல் பதியாது. இதைப் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. "என் வீட்டில் என்ன பேசுறோம்னு கேட்குமா?" என்பதுதான் வந்த முதல் கேள்வி. 2021 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பொப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, பிள்ளையின் தகவல் என்றால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதிக்க வேண்டும். கையெழுத்து வாங்குவதற்கு முன் அந்தப் பெட்டியை அவர்கள் கையில் கொடுத்துப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

பெட்டி ஒன்றுதான் என்றாலும் கட்டும் இடத்தைப் பொறுத்து அது வேறு வேறு கதை சொல்லும். எங்கள் பள்ளியில் காலை எட்டரைக்குப் பிள்ளைகள் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தாளம் போட்டு பஜனை பாடுவார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தை வைத்துப் பாருங்கள். மணிக்கட்டில் கட்டியிருந்தால் கை விடாமல் தட்டுகிறது, ஆகவே பிள்ளை நன்றாக ஆடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமாகும். இடுப்பில் கட்டியிருந்தால் அசைவே இல்லை. தொடையில் ஒட்டியிருந்தால் தொடை கிடையாக இருக்கிறது, உட்கார்ந்திருக்கிறது என்று சரியாகச் சொல்லும்.

அப்படியானால் தொடையிலேயே ஒட்டலாமே? கிளாஸ்கோவில் தயாராகும் ஆக்டிவ்பால் என்ற கருவி இதற்கென்றே வந்தது. தொடையின் சாய்வைப் பார்த்து உட்கார்ந்ததையும் நின்றதையும் பிரிக்கும். பெரியவர்களை அலுவலக நாற்காலியில் வைத்து அளக்க அருமையானது. பாலர் பள்ளியில் பிள்ளைகள் நாற்காலியிலா இருக்கிறார்கள்? மண்டியிட்டு நிமிர்ந்து மண்ணில் வீடு கட்டுகிறவளின் தொடை செங்குத்தாக நிற்கும், கருவிக்கு அவள் நின்றுகொண்டிருக்கிறாள். குந்தியிருந்து எறும்பு பார்க்கிறவன் எந்தப் பக்கம் சேருவான் என்பது அவன் எவ்வளவு தாழக் குந்துகிறான் என்பதைப் பொறுத்தது. அதோடு பிளாஸ்திரி. பிப்ரவரி மாதத்து டர்பன் புழுக்கத்தில் பிள்ளையின் தொடையில் ஏழு நாள் பிளாஸ்திரி ஒட்டி வைத்தால் அரிப்பும் வேர்க்குருவும் வரும், வந்ததும் அம்மா பிய்த்து எறிந்துவிடுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

இடுப்புக்குப் பல நன்மைகள் உண்டு. உடம்பின் நடுவில் இருப்பதால் நடையும் ஓட்டமும் குதிப்பும் நன்றாகப் பதியும். சின்னப் பிள்ளைகளுக்கென்று ஆய்வாளர்கள் வகுத்த கணக்குகள் பெரும்பாலும் இடுப்புக்கானவை. மூன்று சக்கர சைக்கிள் ஓட்டினால் மட்டும் தெரியாது, இடுப்பு இருக்கையிலேயே இருக்கிறது. இரவில் பட்டியோடு தூங்க மறுப்பார்கள், கழற்றுவார்கள், காலையில் மறுபடி கட்ட மறந்துபோகும். அமெரிக்காவின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பு 2003ல் இடுப்பில் தொடங்கி, 2011ல் மணிக்கட்டுக்கு மாறியதற்கு இதுவே காரணம். மணிக்கட்டு என்றால் மக்கள் கழற்றாமல் வைத்துக்கொள்கிறார்கள், தூக்கமும் சேர்ந்து கிடைக்கிறது. 2012ல் அங்கே மூன்று வயதுப் பிள்ளைகள் வரை மணிக்கட்டில்தான் கட்டினார்கள்.

இதுவரை சொன்னது எளிய பகுதி. பெட்டியிலிருந்து வருவது நிமிடம் அல்ல. எண்கள், லட்சக்கணக்கில். அவற்றை "ஓடினாள்", "உட்கார்ந்தாள்" என்று பெயரிடுவது மனிதர் வகுத்த எல்லைக்கோடு. இடுப்பில் கட்டிய ஆக்டிகிராஃபில் ஒரு பிள்ளை 15 நொடியில் 200 கவுண்ட் (அசைவைக் கூட்டி அந்தக் கருவி தரும் எண்) அசைந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளை வைத்து ரெய்லி குழுவினர் 2003ல் வகுத்த கோடு நிமிடத்துக்கு 1100. அதற்குக் கீழே எல்லாம் உட்கார்ந்திருப்பது. 15 நொடிக்கு அது 275, ஆக அவள் உட்கார்ந்திருக்கிறாள். 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளை வைத்து எவன்சன் குழுவினர் 2008ல் வகுத்ததில் 15 நொடிக்கு 25 வரைதான் உட்காருவது. அதன்படி அவள் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறாள். அதே பிள்ளை, அதே பெட்டி, அதே 15 நொடி. இப்படி ஒரு நாள் முழுக்கக் கூட்டினால் வித்தியாசம் எத்தனை மணி நேரமாக வளரும் என்று யோசித்துப் பாருங்கள். மேல்பக்கமும் கோடுகள் உண்டு. 3 முதல் 5 வயதுக்கு ஆக்சிஜன் செலவை அளந்து பேட் குழுவினர் 2006ல் வகுத்ததில் 15 நொடிக்கு 420ஐத் தொட்டால் மிதமான உழைப்பு, 842ஐத் தொட்டால் கடுமையான உழைப்பு.

எத்தனை நொடித் துண்டாக வெட்டிக் கூட்டுகிறோம் என்பதும் முடிவை மாற்றும். 3 நொடி பாய்ந்து ஓடி, 57 நொடி நின்று வேடிக்கை பார்த்தவனை ஒரு நிமிடத் துண்டில் போட்டால் ஓட்டம் அந்த நிமிடத்துக்குள் கரைந்துபோகும். அதனால்தான் சின்னப் பிள்ளைகளுக்கு 15 நொடி, முடிந்தால் 5 நொடி என்கிறார்கள்.

ஆகவே "எங்கள் பிள்ளைகளில் இத்தனை சதவீதம் 180 நிமிடத்தை எட்டினார்கள்" என்று எங்காவது படித்தால், எந்த இடத்தில் கட்டி, எந்தக் கோட்டை வைத்து, எத்தனை நொடித் துண்டில் என்று கேளுங்கள். மூன்றும் சொல்லப்படாத எண்ணை நான் நம்புவதில்லை.

கடைகளில் கிடைக்கும் பிள்ளைகளுக்கான வண்ணக் கடிகாரங்கள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. விலை குறைவு, பிள்ளைக்கும் ஆசை. ஆனால் உள்ளே எந்தக் கணக்கு ஓடுகிறது என்று தயாரித்தவர் சொல்வதில்லை, நடுவில் ஒரு நாள் மென்பொருளைப் புதுப்பித்தால் கணக்கும் மாறலாம், மூல எண்கள் நம் கைக்கு வராது. திரையில் எண் ஏறுவதைப் பார்த்துப் பிள்ளை கையை ஆட்டி ஆட்டி விளையாடும். போதாததற்கு அடிக்கடி மின்னேற்ற வேண்டியவையும் உண்டு. மின்வெட்டுக் காலத்தைக் கடந்து வந்த எங்கள் ஊரில் அதுவும் ஒரு காரணம். ஆய்வுக் கருவிகள் ஒரு முறை ஏற்றினால் ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். அடி எண்ணும் பெடோமீட்டரைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. தூக்கத்தையும் உட்காருவதையும் அது அறியாது.

தூக்கத்துக்கு வருகிறேன். மருத்துவமனையில் தலையில் கம்பிகள் ஒட்டி இரவு முழுக்கப் பதிவதுதான் உரைகல். அது நமக்கு ஆகாது. மணிக்கட்டுக் கருவி அசைவைப் பார்த்துத் தூக்கத்தை ஊகிக்கிறது. அசையாமல் இருந்தால் தூக்கம், அசைந்தால் விழிப்பு. தூங்குவதைத் தூக்கம் என்று சரியாகப் பிடித்துவிடும். விழித்தபடி அசையாமல் கிடப்பதை விழிப்பு என்று பிடிப்பதில்தான் தடுமாறும். சின்னப் பிள்ளைகள் தூக்கத்திலேயே புரண்டு உதைப்பதால் எதிர்ப்பக்கமும் தப்பு நடக்கும்.

இதை நான் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. தீர்மானத்துக்கு முன் இரண்டு கருவிகளை இரவல் வாங்கி, இரண்டு பிள்ளைகளுக்கு நான்கு நாள் கட்டிப் பார்த்தோம். ஒருவன் அந்த ஆயாவின் பேரன். கருவி பதிந்த கோப்பைக் கணினியில் திறந்தால் முதல் மூன்று இரவும் ஒன்பதரை சுமாருக்குத் தூங்கிவிட்டான் என்றது கணக்கு. ஆசிரியைகளுக்குச் சந்தோஷம். பதினொரு மணி என்று ஆயா கூட்டிச் சொல்லியிருக்கிறார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. அப்புறம் ஆயாவின் தாளைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் கோயில் பள்ளியில் கற்ற தமிழில், கோணல்மாணலாக, ஆனால் ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார். "9.30 மடியில படுத்தான். போன்ல கார்ட்டூன். 10.50 போன் எடுத்துட்டேன், அழுதான். 11.10 தூங்கினான்." அழுத இருபது நிமிடம் கோப்பிலும் இருந்தது. அதைக் கணக்கு நடு இரவு விழிப்பு என்று குறித்திருந்தது. மடியில் அசையாமல் கைப்பேசி பார்த்த ஒரு மணி இருபது நிமிடத்தைத் தூக்கம் என்று எழுதியிருந்தது.

ஆயா சொன்னதுதான் சரி. ஆனால் காரணம் மத்தியானத் தூக்கமா, கைப்பேசியா என்று ஆயாவிடம் நான் இன்னும் பேசவில்லை. பேசுவதற்கு நாலு பேரின் கணக்காவது கையில் இருக்கட்டும் என்று பார்க்கிறேன்.

மற்றப் பிள்ளையின் கருவி மூன்றாம் நாள் குளியலுக்குக் கழற்றப்பட்டு, துணியோடு சேர்ந்து சலவை இயந்திரத்துக்குள் போய் வந்தது. கருவி பிழைத்தது. கோப்பில் அந்த நாற்பது நிமிடத்தைப் பார்த்தால் உலகிலேயே அதிகம் உழைத்த நான்கு வயதுப் பிள்ளை அவள்தான்.

பிறர் அசைவு பிள்ளை கணக்கில் ஏறுவது நடக்கக்கூடியதே. இங்கே கைக்குழந்தைகளைத் துண்டால் முதுகோடு கட்டிக்கொண்டு வேலை பார்க்கும் பெண்களை எங்கும் காணலாம். அந்தக் குழந்தைக்குக் கருவி கட்டினால் பதிவது தூக்கி நடப்பவரின் நடையும்தான். தொட்டிலை ஆட்டினாலும் அதே கதை. உங்கள் பிள்ளைகள் இரண்டு வயதுக்குக் கீழே என்றால் நாட்குறிப்பில் "தூக்கி வைத்திருந்தது" என்று ஒரு கட்டம் கட்டாயம் போடுங்கள், இல்லாவிட்டால் கருவியே வேண்டாம். பள்ளம் மேடான சாலையில் மினிபஸ் டாக்ஸியில் வரும் பிள்ளைக்கும் குலுக்கல் கொஞ்சம் சேரும்.

எந்த வாரம் அளப்பது என்பதும் லேசான விஷயமல்ல. ஏழு நாள் தொடர்ந்து, சனி ஞாயிறும் சேர்ந்து வருகிற மாதிரி கட்ட வேண்டும். மூன்று நாளுக்குக் கீழே கிடைத்தால் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை என்று விட்டுவிட வேண்டும். முதல் பருவத்தில்தான் தைப்பூசக் காவடி வரும். அந்த வாரம் பிள்ளைகள் கோயிலில் இரவு வரை சுற்றுவார்கள், மறுநாள் பகலெல்லாம் தூங்குவார்கள். ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளியில் மாரியம்மன் கோயில்களில் கூடும் கூட்டமும் அப்படித்தான். வழக்கமான வாரம் என்று அவற்றைச் சொல்ல முடியாது.

இவ்வளவும் பார்த்துவிட்டு நான் குழுவிடம் சொன்னது இது. புகார் மூன்று, ஒரே கருவியால் மூன்றையும் தீர்க்க முயல வேண்டாம்.

டிவி புகாருக்குக் கருவியே தேவையில்லை. டிவி பக்கத்தில் சுவரில் ஒரு தாள், போட்ட நேரம், அணைத்த நேரம், போட்டவர் கையெழுத்து. தொடையில் ஒட்டும் விலையுயர்ந்த கருவியும் உட்கார்ந்ததைச் சொல்லுமே தவிர, டிவி பார்த்ததா கதை கேட்டதா என்று சொல்லாது. வழிகாட்டி கேட்பதோ அதைத்தான்.

தூக்கத்துக்கு மணிக்கட்டுக் கருவி, 24 மணி நேரமும். கூடவே நாட்குறிப்பு. நாட்குறிப்பு திரும்பி வராத பிள்ளையின் தூக்கக் கணக்கை எண்ணுவதில்லை. இது கறாரான விதி, ஆயாவின் தாள் கற்றுக்கொடுத்தது. கோப்பைப் படிக்க ஆர் (R) என்ற கணினி மொழியில் ஓடும் ஜிஜிஐஆர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. உரிமத்துக்குப் பணம் கட்டும் அவசியமில்லை.

ஓட்டத்துக்கு இடுப்புதான் மேல் என்று தெரிந்தும் மணிக்கட்டையே ஒப்புக்கொண்டேன். ஒரு பிள்ளைக்கு இரண்டு கருவி கட்டினால் இரண்டையும் கழற்றிவிடும். பதிலுக்கு ஒன்றை விட்டுக்கொடுத்தேன். எங்கள் பிள்ளைகள் 180 நிமிடத்தை எட்டினார்களா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. மணிக்கட்டுக்கான கோடுகள் இன்னும் ஆட்டம் காண்கின்றன, பஜனைத் தாளம் வேறு. மாறாக, அதே பிள்ளையை அதே கருவியோடு, கார் நிற்கும் வாரத்திலும் கார் நிற்காத வாரத்திலும் வெளியே விளையாடும் நேரத்தில் மட்டும் ஒப்பிடுவோம். கோடு எதுவும் தேவையில்லை, அசைவின் சராசரி கூடியதா குறைந்ததா என்று பார்த்தால் போதும். கூடவே வாரம் இரண்டு காலை, இரண்டு பேர் நின்று 5 நொடி பார்த்து 25 நொடி குறிப்பார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர் முன்வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு நான் உத்தரவாதம்.

பொருளாளருக்கு இதில் திருப்தியில்லை. ஆம், இல்லை என்று ஒரு வரியில் தாளில் போட்டுப் பெற்றோருக்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்திருந்தார். அந்த ஒரு வரியை எந்தக் கோட்டை எடுத்தாலும் என்னால் எழுதித் தர முடியும், வேண்டிய பதில் எது என்று மட்டும் முதலில் சொல்லுங்கள் அண்ணா என்றேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

பத்துக் கருவி, 28 பிள்ளைகள், மூன்று குழு. ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு வாரம், ஒன்று காரோடு, ஒன்று கார் இல்லாமல். மொத்தம் ஆறு வாரம், தைப்பூசம் முடிந்த அடுத்த திங்கள் தொடக்கம். மணிக்கட்டுப் பட்டிகள் வந்துவிட்டன, நாட்குறிப்பு மூன்று வகையும் அச்சாகிவிட்டது, ஆயா தன் தாளுக்குக் கோடு போட்ட நோட்டு ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். கார் இல்லாத வாரங்களில் கார்களை எங்கே நிறுத்துவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.